சோலைமலையின் வலது கை

முனியராஜ் அந்த ரம்பத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்றே அது அவனிடம் ரத்தம் பார்த்தது. காரியாபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மழையில் நனைந்து துருவேறிக் கிடந்த மிஷின். டிராக்டர் டிரெய்லரில் இருந்து இறக்கும்போது, சுருட்டிக் கட்டியிருந்த பிளேடு கட்டு அவிழ்ந்து துள்ளி அவன் தாடையைக் கிழித்தது. அவன் மனைவி செல்வலட்சுமி சேலைத் தலைப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இத இப்படியே கொண்டுபோயி எடைக்குப் போட்டுட்டு வாங்க" என்றாள். அவன் ரத்தம் வழிய வழியச் சிரித்தான்.

அவன் சிரித்தே அப்போது ரொம்ப நாள் ஆகியிருந்தது. தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவன் அவன். அந்த அறை வெடித்த காலையில் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தான். உள்ளே இருந்த தங்கச்சாமியைச் சாக்கில் அள்ளினார்கள். அள்ளியவர்களில் முனியராஜும் ஒருவன். அதன்பிறகு எந்தக் கம்பெனி வாசலையும் அவன் மிதிக்கவில்லை. செல்வலட்சுமி மட்டும் பட்டாசுத் திரி வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வேன் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை அவன் தெருமுனையிலேயே நிற்பான்.

மிஷின் பார்க்க எளிமையாகத்தான் இருந்தது. தரையில் தண்டவாளம்போல இரண்டு இரும்புக் கம்பி. அதன்மேல் உருளும் ஒரு சட்டம். சட்டத்தில் இரண்டு சக்கரம், சக்கரங்களைச் சுற்றி இஞ்சினில் ஓடுகிற பல் வைத்த பிளேடு. மரத்தை நடுவில் கிடத்திவிட்டுச் சட்டத்தைக் கையால் தள்ளிக்கொண்டே போனால் பிளேடு படுக்கைவாட்டில் அறுத்துக்கொண்டு போகும், மேலே பலகை கழன்று நிற்கும். கழற்றி வண்டியில் ஏற்றி, மரம் விழுந்த இடத்துக்கே கொண்டுபோகவும் செய்யலாம். மலிவாகக் கொடுத்தார்கள். ஏன் மலிவு என்பது ஓட்டிப் பார்த்ததும் தெரிந்தது. முதல் பலகை அலையலையாக வந்தது. ஒரு முனை விரல் கனம், மறுமுனை கை கனம். மரம் உருண்டது, கம்பிகள் நெளிந்தன, பிளேடு சூடேறி நீலம் பாய்ந்து அறுந்தது.

முனியராஜ் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் காங்கிரீட் போட்டுக் கம்பிகளை அதில் இறுக்கினான். சிவகாசிப் பழைய இரும்புக் கடையில் ஒரு ஸ்க்ரூ ஜாக்கியைப் பிடித்து, பிளேடை முறுக்கேற்ற அதை வைத்துக்கொண்டான். அப்படியும் பலகை நெளிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வலட்சுமி குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆரம்பத்துல நேராத்தான் போகுது. பாதிக்கு மேலதான் நெளியுது. சூட்டுல தொய்ஞ்சுபோகுது போல" என்றாள். பிளாஸ்டிக் கேனில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாகப் பிளேடின்மேல் விழும்படி சட்டத்தின் உச்சியில் கட்டினார்கள். வேப்ப மரம் ஒன்று முனையிலிருந்து முனைவரை ஒரே கனமாக அறுபட்டு வந்தது. அவள் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தாள். அடுத்த வாரம் திரி வெட்டும் வேலையை விட்டாள்.

இரண்டு சக்கரங்களுக்கும் பெயின்ட் டிரம்மை வெட்டி மூடி செய்து போட்டது அதற்குப் பிறகுதான். பிளேடு அறுந்தால் மூடிக்குள்ளேயே சுருண்டுவிடும். மரத்தின்மேல் ஓடும் பகுதி மட்டும் திறந்திருக்கும். முனியராஜ் மரத்தைப் பூட்டி அளவு வைப்பான், செல்வலட்சுமி சட்டத்தைத் தள்ளுவாள். சிவகாசி அச்சாபீஸ்களுக்கு மிஷின் வந்து இறங்கும் பெட்டிக்கட்டைகள், வீட்டு நிலைகள், கறிக்கடைப் புளியங்கட்டைகள் என்று வேலை வந்தது.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் மத்தியானம் அவள் அம்மா இருளம்மாள் வாயில் துணியை வைத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தாள். முன்பல் இரண்டு இல்லை.

"குழம்புல உப்பு கூடிப்போச்சாம்" என்றாள்.

அடித்தது செல்வலட்சுமியின் அண்ணன் சோலைமலை. பக்கத்து ஊரில் பட்டாசு லோடு ஏற்றும் ஆட்களுக்குத் தலைவன். குடிக்காதபோதும் அடிப்பான். அவன் மனைவி சுப்புத்தாய்க்கு ஒரு காது கேட்காது. அது பிறவியில் வந்ததல்ல.

இருளம்மாள் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "நம்ம புஞ்சையில நிக்கிற வாகை மரம் எங்கப்பன் எனக்குன்னு விட்டது. நீ வெட்டி அறுத்துக்க தாயி. அவனுக்கு ஒரு சுள்ளி கெடையாது."

"அண்ணே அதுல கதவும் கட்டிலும் செய்யப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது, ஆத்தா."

"அவன் சொல்லட்டும். மரம் என்னுது."

முனியராஜ் தயங்கினான். செல்வலட்சுமி அம்மாவின் வீங்கிய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெட்டுவோம்" என்றாள்.

மறுவாரம் மரத்தைச் சாய்த்து, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். காலை வெயிலில் முதல் பலகை கழன்றபோது உள்ளே கரும்பழுப்பாக வைரம் பாய்ந்திருந்தது. செல்வலட்சுமி சட்டத்தைப் பின்னால் இழுத்து ஆரம்ப முனையில் நிறுத்தினாள். கழன்ற பலகையைத் தூக்குவதற்காகப் பிளேடை மரத்துக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி வைத்திருந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை.

"யாரக் கேட்டுலே மரத்துல கைய வச்ச?"

முனியராஜ் நிமிர்ந்தான். எதிரே சோலைமலை. "ஆத்தாதான் குடுத்தாக, மச்சான். அவுக இங்கனதான் இருக்காக, கேட்டுக்கோங்க."

மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்த இருளம்மாள் விளக்குமாற்றோடு முன்னால் வந்தாள். "நாந்தாம்லே குடுத்தேன். என்ன செய்யப்போற?"

சோலைமலை காலைத் தூக்கி அவள் வயிற்றில் மிதித்தான். அவள் மரத்தூள் குவியலில் போய் விழுந்தாள். முனியராஜ் குறுக்கே பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். பிடித்ததும்தான், முதுகுக்குப் பின்னால் போன சோலைமலையின் கை அரிவாளோடு திரும்பி வந்தது.

முதல் வெட்டைத் தடுக்க முனியராஜ் இடது கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே எலும்புவரை இறங்கியது. இரண்டாவது வெட்டு தோளில் விழுந்தது. அவன் மரத்தின் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்தான்.   மூன்றாவது வெட்டு அவன் கழுத்துக்குத்தான் வந்தது. அவன் தலையை இழுத்துக்கொண்டதில் அரிவாள் வாகை மரத்தில் பதிந்து மாட்டிக்கொண்டது.

சோலைமலை ஒரு காலை மரத்தின் பக்கவாட்டில் ஊன்றி, இரண்டு பக்கமும் அசைத்து அசைத்து அரிவாளைப் பிடுங்கப் பார்த்தான். அவன் வலது கை பிடியை இறுகப் பற்றி, மரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

செல்வலட்சுமியின் கைகள் சட்டத்தைத் தள்ளும் பிடியில் இருந்தன. பக்கத்திலேயே இருந்த நெம்புகோலை இழுத்தால் பிளேடு நின்றுவிடும். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அவள் அண்ணனின் கையைப் பார்த்தாள். அரிவாள் அசைந்து கொடுப்பதைப் பார்த்தாள். பிறகு முழு பலத்தோடு தள்ளினாள்.

சட்டம் உருண்டு போனது. சோலைமலை தலையைத் திருப்புவதற்குள் பிளேடு அவன் மணிக்கட்டில் நுழைந்து வெளியேறி, அரிவாள் பிடியின் இரும்பில் மோதி அறுந்தது. மூடிக்குள் சடசடவென்று சுருண்டது. ஒரு துண்டு மட்டும் தெறித்து வீட்டுத் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் இஞ்சினை நிறுத்தினாள். சொட்டிக்கொண்டிருந்த சோப்புத் தண்ணீர் மரத்தின்மேல் சிவப்பாக நுரைத்து ஓடியது.

சோலைமலை தன் கை முடிகிற இடத்தைப் பார்த்தான். "எங்க?" என்று கேட்டான். பிறகு முழங்கால் மடங்கி விழுந்தான்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் ரோட்டில் போன கம்பெனி வேனை மறித்தார்கள். உள்ளே இருந்த பெண்கள், கழுவியும் போகாமல் அலுமினியப் பொடி அப்பிய கைகளோடு சீட்டுகளைக் காலி செய்தார்கள். ஒரு சீட்டில் முனியராஜ், எதிர்ச் சீட்டில் சோலைமலை. முனியராஜின் கையைச் செல்வலட்சுமி தன் முந்தானையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அறுபட்டு விழுந்த கையைத் துண்டில் சுற்றி யாரோ ஒருத்தி மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். வழி நெடுக இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இருளம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினாள். ஏறி மகனின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சோலைமலையின் கையைத் திரும்பப் பொருத்த முடியவில்லை. முனியராஜுக்கு நரம்பு அறுந்து, இடது கை விரல்கள் மடங்காமல் போயின. ஆஸ்பத்திரியில் இருளம்மாள் மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். செல்வலட்சுமி அந்தப் பக்கம் வந்தபோது தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அவன் என்னைய மிதிச்சான். சரி. எம்புள்ள மிதிச்சான். நீ எதுக்குடி அவன மொண்டியாக்குன?"

"இன்னும் ஒரு வெட்டு விழுந்திருந்தா அவுக செத்திருப்பாக, ஆத்தா."

"என் மொகத்துல முழிக்காத."

அண்ணன் கையை வெட்டியதாக அவள்மேல் போட்ட கேஸுக்கு வந்த வக்கீல் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அவன் தடுமாறி பிளேடுல விழுந்தான்னு சொல்லும்மா. கேஸே நிக்காது."

"விழல. நாந்தான் தள்ளுனேன். கை அங்கன இருக்குன்னு தெரிஞ்சுதான் தள்ளுனேன்."

"கழுத்துக்கு வந்த வெட்டத் தடுக்கத்தானே?"

"ஆமா. அது மட்டும் இல்ல. ஆத்தா பல்லும் எம் மனசுல இருந்துச்சு."

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். போலீசிலும் அவள் அதையே சொன்னாள். ரிமாண்டில் மதுரை ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தபோது ஊரில் பெயர் மாறியிருந்தது. 'கைவெட்டி வீடு' என்றார்கள். பெண்கள் கடையில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அது பயமா மரியாதையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரவில் தூக்கம் வரவில்லை. தள்ளும் பிடி கையில் லேசாக அதிர்ந்தது, எலும்பில் பட்டதாலா இரும்பில் பட்டதாலா என்று யோசித்துக்கொண்டே கிடப்பாள்.

முனியராஜ் ஒற்றைக் கையால் மிஷினைக் கழுவி வைத்திருந்தான். "வித்துருவோமா?" என்று கேட்டான்.

"வேற என்ன தெரியும் நமக்கு?" என்று அவள் புது பிளேடை மாட்டினாள். தள்ளுவதும் பூட்டுவதும் இரண்டும் இனி அவள் வேலை. ஒரே ஆளாக மரத்தை இறுக்கும்படி, பழைய லேத் பட்டறைத் திருகு ஒன்றை முனியராஜ் அவளுக்காகப் பொருத்திக் கொடுத்தான்.

அவள் கேஸில் சோலைமலையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வெறும் சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான்.

"தவறி விழுந்தேன்" என்றான். "பிளேடுல கை பட்டுருச்சு. அவ்வளவுதான்."

அரசு வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.  செல்வலட்சுமி எழுந்து ஏதோ சொல்லப் போனாள். அவளுடைய வக்கீல் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

வெளியே புங்கமரத்தடியில் அவள் அண்ணனை மறித்தாள். "எதுக்குப் பொய் சொன்ன?"

"ஒனக்காகன்னு நெனைக்காத." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பொட்டச்சி, அதுவும் கூடப்பிறந்தவ, கைய வெட்டுனான்னு என் வாயால சொல்லணுமா? விழுந்தவன்னா ஊரு ரெண்டு நாள் பேசும். ஒன்கிட்ட வெட்டுப்பட்டவன்னா எம் பொணத்தையும் சிரிக்கும்."

அவளை விட்டுவிட்டார்கள். முனியராஜை வெட்டிய கேஸில் சோலைமலை உள்ளே போனான். அவள் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தான் செய்ததை இல்லையென்று ஆக்கிவிட்டானே என்ற எரிச்சல்தான் அவளுக்குப் பல மாதம் இருந்தது.

சோலைமலை வெளியே வந்து ஒரு தீபாவளி சீசன் கழிந்திருக்கும். சுப்புத்தாய் ஒரு மினிவேனில் வேப்பங்கட்டையை ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டு முன்னால் வந்து இறங்கினாள். புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"என்ன மதினி இது?" செல்வலட்சுமி கேட்டாள்.

"எடது கை இருக்குல்லா" என்றாள் சுப்புத்தாய். "முன்னவிட இப்பத்தான் கோவம் கூட. வீட்டுக்கு உள்ள ஒரு அறை இருக்கு. அதுக்குக் கதவு அறுத்துக் குடு. உள்ள இருந்து தாப்பா போடுற மாதிரி."

"எம்புட்டுக் கனம்?"

"மிதிச்சா ஒடையக்கூடாது. நானும் அத்தையும் உள்ள இருப்போம்."

செல்வலட்சுமி மரத்தைப் பூட்டினாள். நிலைக்கு வைக்கிற கனத்தில் கதவுக்குப் பலகை அறுத்தாள். தச்சனிடம் கொடுக்காமல் தானே சட்டம் அடித்து, முனியராஜ் ஒற்றைக் கையால் பிடித்துக்கொள்ள, கீல் வைத்து முடித்தாள். பிறகு இரண்டு பேரும் கதவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சோலைமலை வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கதவு தன்னைத் தாண்டி உள்ளே போவதைப் பார்த்தான். யாருக்கான கதவு என்று அவனுக்குப் புரிந்தது. இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. எழுந்திருக்கவில்லை. செல்வலட்சுமி அவனைப் பார்த்தபடியே நின்றாள், அவன் தலையைத் திருப்பிக்கொள்ளும்வரை.

கதவை மாட்டித் தாழ்ப்பாளை முடுக்கினாள். இருளம்மாள் மூலையில் இருந்து எழுந்து வந்து, ஒரு தடவை சாத்தித் திறந்து பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு மகளிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அடியில ஒரசுது" என்றாள்.

செல்வலட்சுமி கதவைக் கழற்றிச் சாய்த்துவைத்து, இழைப்புளியை எடுத்தாள்.