எண் நிற்கும்வரை

அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதுதான் என் குறையே.

நான் புரதம் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். கண்ணாடிக் குழாய்க்குள் பொடிப்பொடி மணிகள் நிரம்பியிருக்கும். மணிகளுக்கு ஒரு மின்னூட்டம், புரதத்துக்கு அதற்கு எதிரானது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வேண்டாத சரக்கெல்லாம் ஓடிப்போன பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் புரதம் பிடியை விட்டு இறங்கி வரும். இதெல்லாம் ஒழுங்காக நடக்க, குழாய்க்குள் ஓடும் பஃபர் கரைசலின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, சொன்னபடி கேட்கவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் புரதம் மணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடும்.

முன்பெல்லாம் அந்த பஃபரைத் துளிக்காரர் கலக்கித் தருவார். அமிலத்தைத் துளித்துளியாக விடுவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். காலையில் அதைத் தள்ளித் திறந்து, "மேடம், இன்னிக்கு உள்ளயா, வெளியயா?" என்று கேட்பார். குழாயைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து ஓட்டப்போகிறேனா, வெளியே மேஜையில் வைத்தா என்று அர்த்தம். எங்கள் பஃபருக்கு அப்படியொரு குணம். குளிரில் அதன் பிஹெச் ஏறும், வெளியே எடுத்தால் இறங்கும். எங்கே ஓடப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் கலக்கவேண்டும்.

ஒரு துளி விட்டுவிட்டு, மீட்டரில் எண் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவசரப்படுத்தினால் நடக்காது. அந்த எண் தள்ளாடித் தள்ளாடி நிற்பதற்குள் நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் தங்கை வீட்டுப் பூனை குட்டி போட்டது, என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதில் பக்கத்து வீட்டு மதில் விழுந்தது, எல்லாம் அந்த இடைவெளியில் பேசியதுதான். எண் நின்றதும் பேச்சும் நின்றுவிடும். பாதியில் விட்ட கதையை அடுத்த துளிக்குத்தான் எடுப்பார். இன்னும் ஒரு துளி தேவைப்படட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொள்வேன்.

பிறகு இயந்திரம் வந்தது. அமிலம், காரம், உப்பு, தண்ணீர் என்று நான்கு குழல்கள். எந்த பிஹெச், எவ்வளவு உப்பு, எத்தனை டிகிரி என்று திரையில் தட்டினால் போதும். அதுவே கணக்குப் போட்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே கலந்து, குழாய்க்குள் அனுப்பிவிடும். துளி கிடையாது, காத்திருப்பு கிடையாது. துளிக்காரரை எதிர்க் கட்டடத்தில் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏதாவது பிரச்சினைன்னா கூப்பிடுங்க மேடம்" என்றார். மறுநாளே ஜன்னலை மூடி, அதன் முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

பிரச்சினை வரவேண்டுமே! மாதங்கள் போயின. பாழாய்ப்போன இயந்திரம் ஒரு நாள்கூட முரண்டு பிடிக்கவில்லை. கேன்டீனில் அவர் சாப்பிடும் நேரம் வேறு, என் நேரம் வேறு. தூரத்தில் அவர் நடையைப் பார்த்தாலே எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

"கூப்பிட்டுப் பேச வேண்டியதுதானே?" என்றாள் அக்கா. அவள் வீட்டில்தான் இருக்கிறேன்.

"என்னன்னு கூப்பிடறது?"

"எப்படி இருக்கீங்கன்னு."

"பிரச்சினைன்னா கூப்பிடச் சொன்னாரு."

"ஆமா, பிரச்சினை இல்லாமத்தான் சாப்பிடாம தட்டை அளைஞ்சுட்டு இருக்கியாக்கும்!"

ஜன்னல் இருந்தபோது எங்கள் இரண்டு பேர் கையிலும் வேலை இருந்தது. வேலையைச் சாக்கு வைக்காமல் அவரிடம் பேச எனக்கு நாக்கு எழாது.

ஒரு நாள் குளிர்ப்பெட்டியைப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டு போனார்கள். குழாயை வெளியே மேஜையில் மாட்டி ஓட்டினேன். புரதத்தை ஏற்றியதும் திரையில் கோடு விறுவிறுவென்று மேலே போனது. ஒட்டவேண்டியது ஒட்டாமல் அப்படியே வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். எட்டு கேட்டிருந்தேன்; குழாயின் மறுமுனையில் இருந்த மீட்டர் ஏழரையைக்கூடத் தொடவில்லை. ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. டிகிரிக் கட்டத்தில் குளிர்ப்பெட்டியின் எண்ணே இருந்தது. நான்தான் மாற்ற மறந்திருக்கிறேன். பாவம் இயந்திரம், குளிருக்கென்று கலந்திருக்கிறது. எண்ணை மாற்றி, கீழே பிடித்து வைத்த புரதத்தையும் சரிசெய்து திரும்ப ஏற்றினால் முடிந்தது வேலை.

மாற்றவில்லை. ஃபோனை எடுத்தேன்.

"பிஹெச் சரியா வரல. என்னன்னே புரியல" என்றேன். புளுகுதான். குரல் நடுங்கியது மட்டும் நிஜம்.

"அய்யோ, இதோ வந்துட்டேன் மேடம்!"

உண்மையிலேயே ஓடிவந்திருந்தார். மூச்சு வாங்கியது. மீசையோரம் ஒன்றிரண்டு நரை புதிதாகத் தெரிந்தது. அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று பிடுங்கியது.

"பூனைக்குட்டிங்க எப்படி இருக்கு?" என்றேன்.

"ஆளுக்கு ஒண்ணா கொடுத்தாச்சு மேடம். ஒண்ணு மட்டும் என்கிட்ட இருக்கு" என்றபடியே திரையைத் தட்டினார். "வெளிய ஓட்டறீங்க, உள்ள இருக்கற டிகிரி போட்டிருக்கு. அவ்வளவுதான்."

"அடடா, கவனிக்கலையே."

அவர் உடனே கிளம்பவில்லை. நெற்றியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "நீங்க எவ்வளவு நிதானமா வேலை பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கே மறக்குதுன்னா குறை மிஷின்லதான். கொஞ்ச நேரம் ஆகும், பரவாயில்லையா?"

"எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

தன் பிரிவிலிருந்து வெப்பமானி ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையைக் குழாயோடு சேர்த்துக் கட்டினார். மறுமுனையை இயந்திரத்தின் முதுகில் செருக மண்டியிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டார். அவர் கழற்றிய ஸ்க்ரூக்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். அவர் விரல் என் கையில் பட்டுப்பட்டு விலகியது. இவ்வளவு அருகில் நாங்கள் இருந்ததே இல்லை. இது முடியவே கூடாது என்றிருந்தது.

முடிந்தது. வெப்பமானி முனையைக் கையால் பொத்திக் காட்டினார். திரையில் டிகிரி தானாக ஏறியது.

"இனிமே நீங்க டிகிரியே போட வேண்டாம். எங்க வெச்சாலும் அதுவே பார்த்துக்கும். என்னைக் கூப்பிட வேண்டிய தேவையே இருக்காது மேடம்!"

எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட பூரிப்பு அவர் முகம் முழுக்க.

"தேவை இல்லாம கூப்பிட்டா வருவீங்களா?" எப்படித்தான் வாயிலிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "தேவை இல்லாம நீங்க எதுக்கு மேடம் கூப்பிடப் போறீங்க? எனக்குத் தெரியாதா உங்களை!" என்றார், அவ்வளவு மரியாதையாக.

அவர் போன பிறகு புரதத்தைத் திரும்ப ஏற்றினேன். ஒரு பொட்டுகூட வீணாகாமல் அத்தனையும் மணிகளில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். அவரைக் கூப்பிட்டதைக் காலையிலேயே அவளுக்கு ஃபோனில் சொல்லியிருந்தேன்.

"வந்தாரா?"

"வந்தாரு."

"என்னடி ஆச்சு?"

"சரி பண்ணிட்டாருக்கா" என்றேன்.