இரண்டு தடவை கூப்பிட்டவள்

பகல் படகு கரை தொட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ராக்னா வீட்டுத் தொலைபேசி அலறியது. கடைக்காரி குன்வோர்தான். கடையும் தபாலும் அவள் கையில் இருந்ததால் ஊரின் வாயும் அவளிடமே இருந்தது.

"ஏ ராக்னா, ஒரு அமெரிக்காக்காரி வந்து இறங்கியிருக்காடி. தலையில தொப்பி, தோள்ல கேமரா, காலுல நம்ம மேட்டுக்கு ஒத்தே வராத செருப்பு. ஹாவ்கன் பண்ணைக்கு எப்படிப் போகணும்னு கேக்குறா."

"இங்கிலீஷ்லயா?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். நம்ம பேச்சுலதான் கேக்குறா. ஆனா எப்படி? செத்துப்போன என் மாமியார் எழுந்து வந்து பேசுற மாதிரி. இப்ப யாருடி அப்படிப் பேசுறா? வீட்ல யாரு இருக்காங்கன்னு கேட்டா. ஹாவ்கன்காரி ஒருத்தி தனியா இருக்கா, கொஞ்சம் கடிப்பா, பாத்துப் போங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டே நீ."

"சும்மா இருந்தா கடை நடத்த முடியுமா?"

ராக்னா போனை வைத்தாள். யார் வருவது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தொன்பது வருஷமாக அவள் காத்திருந்த ஆள் மேடேறி வந்துகொண்டிருந்தாள்.

போருக்குப் பிறகு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த குன்வோருக்குப் பழைய கதை தெரியாது. எங்கள் ஊரில் ஆளைவிடப் பண்ணைக்குத்தான் பேர். ஹாவ்கனில் யார் குடியிருந்தாலும், அங்கேயே பிறந்தவளோ, காசு கொடுத்து வாங்கி வந்தவளோ, அவள் ஹாவ்கன்காரிதான். ஆகவே குன்வோர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. பிழை மேட்டுக்கு மேலே நடக்கக் காத்திருந்தது.

கதை இதுதான். 1922இல் அமெரிக்காவிலிருந்த சித்தப்பா ஹாவ்கன் வீட்டுக்கு ஒரு கப்பல் சீட்டு அனுப்பினார். சீட்டில் பேர் எழுதவில்லை. மூத்தவள் ராக்னா வருவாள் என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவளுக்கு அப்போது இருபத்தொன்று. தச்சனிடம் சொல்லிப் பெட்டி செய்து, மேலே பூவும் இலையும் வரைந்து, 'ராக்னா ஹாவ்கன்' என்று பேரும் எழுதி வைத்திருந்தாள். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அம்மா வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தாள். யாராவது ஒருத்தி இருந்தாக வேண்டும். சின்னவள் மாரித், "நீ போ அக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று கட்டிப்பிடித்து அழுதாள். அழுத மூன்றாம் நாள், ராக்னா மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தபோது, அந்தப் பெட்டியோடும் அந்தச் சீட்டோடும் காலைப் படகில் ஏறிப் போய்விட்டாள்.

அம்மா பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்தாள். ராக்னா பதினொரு வருஷம் மலம் அள்ளினாள். அமெரிக்காவிலிருந்து ஏழு கடிதம் வந்தது. ஏழும் பிரிக்காமலே அடுப்புக்குள் போயின.

இப்போது ராக்னா என்ன செய்தாள் என்று கேளுங்கள். பொன் விளிம்பு வைத்த கோப்பைகள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. பாதிரியார் வந்தால்கூட அவை இறங்காது. இரண்டை இறக்கித் துடைத்து மேசையில் வைத்தாள். உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி மடித்து அடுக்கினாள். காபிக் கெண்டியை அடுப்பில் ஏற்றினாள். முட்டி வலியோடு மாடிக்குப் போய் மாரித்தின் பழைய கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். அவள் இருக்கட்டும். கடைசிவரை இங்கேயே இருக்கட்டும். ஆனால் முதலில் கேட்கட்டும். 'அக்கா, நான் செஞ்சது தப்பு' என்று அவள் வாயால் வர வேண்டும். அதைக் கேட்காமல் ஒரு வாய்க் காபி கிடையாது.

கதவு தட்டப்பட்டது.

உள்ளே வந்தவள் பருத்திருந்தாள், நரைத்திருந்தாள், மேடேறி மூச்சு வாங்கினாள். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் நேரே ஜன்னலுக்குப் போய், "ஆகா, என்ன காட்சி" என்பார்கள். இவள் கதவுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில், யாரும் சொல்லாமலே, முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விருந்தாளி உட்கார வேண்டிய இடம் அது. வீட்டுக்காரி மேசைக்குக் கூப்பிடும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. முதல் தடவை கூப்பிட்டால் மறுக்க வேண்டும், இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும், மூன்றாம் தடவைதான் எழுந்து போக வேண்டும். உடனே எழுந்து போனால் சோற்றுக்கு அலைகிறவள் என்பார்கள். மூன்றாம் தடவை கூப்பிடாத வீட்டுக்காரியை என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அப்படி ஒருத்தி எங்கள் பக்கம் இருந்ததில்லை.

இவள்தான், சந்தேகமே இல்லை என்று ராக்னா நினைத்துக்கொண்டாள். ஆனால் தன் முகத்தை அவள் யோசிக்கவில்லை. பல் போய், முதுகு வளைந்து, நாற்பது வருஷக் குளிர்காற்றில் தோல் மரப்பட்டை ஆகிவிட்ட இந்தக் கிழவியில் அந்த இருபத்தொரு வயசுப் பெண்ணை யார் கண்டுபிடிக்க முடியும்?

"வழி தவறிட்டீங்களா?" என்றாள் ராக்னா.

"இல்லீங்க. சும்மா ஊர் பாக்க வந்தேன். ரொம்ப அமைதியா இருக்கு."

"அமைதிக்கு இங்க பஞ்சமே இல்ல. வேணும்னா பெட்டியில போட்டுக் கொண்டு போங்க. இங்கேர்ந்து பெட்டியோட போனவங்க உண்டு."

வந்தவள் தலை நிமிர்ந்தாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"காபி குடிக்க வாங்க," என்றாள் ராக்னா. இது முதல் தடவை.

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

ராக்னாவுக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. பழக்கம் எதையும் மறக்கவில்லை பார், கழுதை. அடுப்பில் கெண்டி கொதித்து வாசனை வீடெல்லாம் பரவியது. மேட்டில் ஏறிவந்து பசியோடு இருப்பவளின் மூக்கில் அது ஏறட்டும் என்று மூடியைத் திறந்தே வைத்தாள்.

மாரித்தின் கண் மேசைக்குப் போனது. "ரெண்டு கோப்பை வெச்சிருக்கீங்க. யாரோ வர்றாங்க போலிருக்கு."

"ஆமா. ஒருத்தி வரணும்."

"அப்ப நான் இடைஞ்சலா..."

"இருங்க. அவ வர்றதா இருந்தா எப்பவோ வந்திருக்கணும்."

பிறகு மாரித் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இந்த வீட்ல முன்னே ராக்னான்னு ஒரு பொண்ணு இருந்தாங்களே. அவங்க..."

இதோ வந்துவிட்டது என்று ராக்னா நினைத்தாள். அவளுக்குக் கையில் ஒரு கத்தி கிடைத்த மாதிரி இருந்தது. மெல்லவா குத்துவது, ஆழமாகவா?

"ராக்னாவா? அவ செத்துட்டா."

மாரித்தின் கை கையுறையின் மேல் நின்றது. "எப்போ?"

"அது ஆச்சு ரொம்ப வருஷம். 1922ல. அவ தங்கச்சி ஒருத்தி இருந்தா, அவ படகேறிப் போன அன்னைக்கே."

கேட்டுவிடு, அழு, 'அப்படிச் சொல்லாதே அக்கா' என்று காலில் விழு என்று ராக்னா மனசுக்குள் கத்தினாள். மாரித் அழத்தான் செய்தாள். சத்தமில்லாமல், குனிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அழுகையை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவள் ராக்னா.

"காபி ஆறிடும். மேசைக்கு வாங்க," என்றாள். இது இரண்டாம் தடவை.

"வேண்டாங்க. ரொம்ப நன்றி. வேண்டாம்."

மாரித் சொல்லிவிட்டு ராக்னாவின் வாயையே பார்த்தாள். தேர்வு முடிவு வாசிக்கக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி பார்த்தாள். அவள் மூன்றாவதுக்குக் காத்திருக்கிறாள் என்பது ராக்னாவுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையைப் பிடித்து நிறுத்தினாள். அடுப்பைக் கிளறினாள். ரொட்டித் தட்டை ஓர் அங்குலம் நகர்த்தினாள். இரண்டு கோப்பைகளில் ஒன்றை எடுத்து, தனக்கு மட்டும் காபி ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல் போன ஈறில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே உறிஞ்சிக் குடித்தாள். கொடுமைதான். கொடுமை என்று தெரிந்துதான் குடித்தாள். நன்றாக இருந்தது.

கீழே திரும்பும் படகு முதல் ஊதல் ஊதியது.

மாரித் எழுந்தாள். கதவுவரை போய் நின்று, "உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? வீட்டோட," என்றாள்.

"எடுங்க. ஊர் பாக்க வந்தவங்க அதுக்குத்தானே வர்றீங்க."

ராக்னா வாசலில் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள், சிரிக்காமல். கேமரா சொடுக்கியது. இப்போதாவது வரும் என்று நினைத்தாள். மாரித் கையை நீட்டினாள். அந்தக் கை மெத்தென்று சூடாக இருந்தது. அதை ராக்னா முதலில் விட்டாள். மாரித் படியில் இறங்கினாள், வேலி தாண்டினாள், பிர்ச் மரங்களுக்குப் பின்னால் தொப்பி மறைந்தது. படகு புறப்பட்ட ஊதல் கேட்டபிறகுதான் ராக்னா வாய் திறந்து, "வாடி, வந்து காபி குடி," என்றாள். முற்றத்தில் ஓர் ஆடு நிமிர்ந்து பார்த்தது.

அன்று மாலை குன்வோர் போனில் கேட்டபோது, "யாரோ சுத்திப் பாக்க வந்தவ. வீட்டைப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனா," என்றாள். மனசுக்குள் வேறு சொல்லிக்கொண்டாள். நெஞ்சழுத்தக்காரி, நான் யாரென்று தெரிந்தே மன்னிப்புக் கேட்காமல் போனாள். திரும்ப வருவாள், வராமல் எங்கே போவாள்? மாடிக் கட்டிலின் விரிப்பை அவள் மடித்து வைக்கவில்லை.

நவம்பரில், முதல் பனி இறுகிய வாரம், குன்வோரே மேடேறி ஒரு சின்னப் பார்சல் கொண்டுவந்தாள். அமெரிக்கத் தபால்தலை ஒட்டியிருந்தது. மேலே பேர் இல்லை, 'ஹாவ்கன் பண்ணையில் குடியிருக்கும் அம்மாவுக்கு' என்று மட்டும் இருந்தது. குன்வோர் முக்காலியில் உட்கார்ந்தாள். கண் மட்டும் பார்சல் மேல் இருந்தது.

உள்ளே வெள்ளைத் துணிப்பூக்கள் கட்டிய ஒரு சிறு வளையம், ஒரு போட்டோ, ஒரு கடிதம். இந்தத் தடவை அடுப்பில் போடாமல் ராக்னா பிரித்தாள்.

'மதிப்புக்குரிய அம்மா, என் பெயர் ஹெலன். உங்கள் மொழி எனக்குச் சுமாராகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோடையில் உங்கள் வீட்டுக்கு வந்தவர் என் அம்மா மாரித். போன மாதம் இறந்துவிட்டார். நோய் முற்றிவிட்டது என்று தெரிந்துதான் கிளம்பினார். திரும்பி வரச் சீட்டுக்கூட எடுக்கவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் சேர்த்துக்கொண்டால் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனார். உங்களைப் பார்த்ததும் முதலில் அக்காவோ என்று நினைத்தாராம். குரல் அப்படி இருந்ததாம். அக்கா இறந்துவிட்டார் என்று நீங்கள் சொன்னபோதும் முழுதாக நம்பவில்லையாம். எனக்குப் புரியாத ஒன்றைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "அக்கான்னா மூணு தடவை கூப்பிட்டிருப்பா. வாசலுக்கு வந்த பிச்சைக்காரனையே மூணு தடவை கூப்பிடுவா. அந்தம்மா ரெண்டோட நிறுத்திட்டாங்க. அப்பதான் நம்பினேன், என் அக்கா இல்லைன்னு." அம்மா எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். இந்தப் பூவளையத்தை ராக்னா பெரியம்மாவின் கல்லறையில் வைத்துவிட முடியுமா? அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.'

போட்டோவில் ஒரு கிழவி விறைத்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் வழியாக மேசையும், மேசைமேல் கவிழ்க்காமல் காலியாக இருந்த ஒரு பொன் விளிம்புக் கோப்பையும் தெரிந்தன.

"என்னடி எழுதியிருக்கு? முகமே செத்துப்போச்சு," என்றாள் குன்வோர்.

"ஒரு கல்லறையில பூ வைக்கணுமாம்."

"யாரோடது?"

"உனக்குத் தெரியாது."

ராக்னா வளையத்தை எடுத்து ஜன்னல் கொக்கியில் மாட்டினாள். மாட்ட வேறு இடம் அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு கெண்டியை அடுப்பில் ஏற்றி, மேல்தட்டிலிருந்து அந்தக் கோப்பையை இறக்கினாள்.

"காபி குடிக்க வா, குன்வோர்."

"ஐயோ, வேண்டாம்டி. கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

"வந்து உட்காரு, ஊத்திட்டேன்."

"சிரமப்படாதேன்னு சொன்னா கேக்கமாட்டியே. வேண்டாம்."

"வாடி," என்றாள் ராக்னா. குரல் உடைந்து, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "எழுந்து வாடி, வந்து குடி. கூப்பிடுறேன்ல?"

குன்வோர் எழுந்து மேசைக்கு வந்தாள். கோப்பையின் பொன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, ஒரு வாய் குடித்து, நல்ல காபி என்றாள்.