கித்தாரோனுக்குப் பின்னால்

1

நூற்றுப் பதின்மூன்று நாள். ஜனவரி பதினேழிலிருந்து மே பத்து வரை. ஹசிந்தா ஒரு விஷயத்தை மறைத்துவைத்த கணக்கு இது.

கதை எனக்குக் கிடைத்தது மெக்சிகோவின் குவாதலஹாராவில், என் அறைக்குக் கீழே இருக்கும் தையற்கடையில். வீடு வீடாகப் போய் வாசிக்கும் மரியாச்சி இசைக்குழுக்களுக்கு உடுப்பு தைக்கும் கடை. பொத்தான் வாங்கப் போயிருந்தேன். ஒரு பெண் கறுப்புப் பாவாடையை நீட்டி, "இடுப்புல இன்னும் ரெண்டு விரல் பிரிச்சு விடுங்க" என்றாள்.

"ஏழு வாரத்துல இது மூணாவது தடவை," என்றார் தையற்காரர். "சோளரொட்டி மேல பழி போடாதே."

அவள் சிரித்தாள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. ஹசிந்தா என்று பெயர் வைத்து மிச்சத்தை இட்டுக்கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: "விடியும் முன்பே தெருவெங்கும் எக்காளம் —"

வேண்டாம். மே பத்து அன்னையர் நாள், தாய்மாருக்கு வாசல்தோறும் பாட்டு. அன்றைக்கு இந்த ஊரில் எக்காளம் கேட்காத தெரு ஏது?

இரண்டாம் தொடக்கம்: "அவள் பயந்தாள், ஏனென்றால் —"

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் வாசிக்கும் குழுவின் தலைவர் எவரிஸ்தோ. போன ஆண்டு வயலின்காரி ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள். அவளுக்குப் பதிலாக வந்தவன் இன்னும் போகவில்லை. அவள் திரும்பி வந்தபோது, "ஆள் நிறைஞ்சுபோச்சேம்மா" என்றார் எவரிஸ்தோ. நல்ல மனிதர்தான்.

ஹசிந்தாவுக்கு வாகாக, அவள் வாசிப்பது கித்தாரோன்: தொந்தி வைத்த பெரிய கிதார். வயிற்றின் மேல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஐந்து மாதக் கருவை மறைக்க அதைவிட நல்ல திரை உண்டா?*

* உண்டு. இந்தத் திரை நகரும். வயிறு ஓர் அங்குலம் வளர்ந்தால் வாத்தியம் ஓர் அங்குலம் முன்னே போகும், கை வளராது. கித்தாரோனில் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்க வேண்டும். எட்டாவிட்டால் ஒன்றுதான் ஒலிக்கும். (நான் படித்தது இயற்பியல். இந்தக் கதைக்கு இவ்வளவுதான் உதவியது.)

3

அன்னையர் நாள், ஒன்பதாவது வீடு முடிந்து வேனில் ஏறினார்கள்.

"அடிநாதமே காணோம்," என்றார் எவரிஸ்தோ. "பாதி சுரம் எங்கம்மா போச்சு?"

"தந்தி பழசு, மாஸ்டர்."

"போன வாரம்தானே மாத்துனோம்?"

எக்காளக்காரன் நபோர் திரும்பினான். "நேத்து எத்தனை பீர், அக்கா?"

"சொன்னா உனக்குப் புரியாதுடா. உனக்குத்தான் மூணுக்கு மேல எண்ண வராதே."

வேன் குலுங்கச் சிரித்தார்கள். எவரிஸ்தோ மட்டும் சிரிக்கவில்லை. "இங்க பாரு புள்ள. இப்படியே போனா அடுத்த வாரம் வேற ஆள் பாக்கணும்."

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், ஏதேதோ நினைத்தாள். அடித்துவிட்டேன். அவள் நினைத்தது ஒன்றுதான்: சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.]

அந்த நினைப்பு வந்ததும், எனக்கே ஆச்சரியம், அவள் தோள் லேசாக இறங்கியது.

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எவரிஸ்தோ அவளைத் துரத்தினார். இன்னொன்றில் அவருக்கு முன்பே தெரியும், கண் கலங்கினார். அதை நானே நம்பவில்லை. மூன்றாவதில் எக்காளம் கேட்டுக் குழந்தை உதைத்து —

வேண்டாம். கடைசி வீட்டுக்குப் போவோம். வெயில் ஏறிய முற்றம். எவரிஸ்தோ வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றி, "தாய்மார் எல்லாரும் முன்னால வந்து நில்லுங்க" என்று அழைத்தார். நான்கு பெண்கள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து வரிசையாக நின்றார்கள். எதிரே குழு.

ஹசிந்தா கித்தாரோனைச் சுவரில் சாய்த்தாள். பாவாடையின் மேல்கொக்கியை அவிழ்த்து முழு மூச்சு விட்டாள். முற்றத்தைக் கடந்து ஐந்தாவது ஆளாகப் போய் நின்றாள். பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் சற்று நகர்ந்துகொண்டாள்.

"ஏய், அங்க எங்க போற?" என்றார் எவரிஸ்தோ.

(அவள் பதிலைக் கேட்டபின் அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. அவரைப் போன்றவர் உங்கள் ஊரிலும் இருப்பார். நீங்களே சொல்ல வையுங்கள். எனக்கு இவள் பேசியதே போதும்.)

"நீங்கதானே கூப்பிட்டீங்க, மாஸ்டர். வயிறு இடிக்குது, அதான் தந்தி எட்டல. நான் முழுகாம இருக்கேன். அஞ்சு மாசம்."