பதின்மூன்று அரைக்கையும் ஒரு முழுக்கையும்

1

என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. கேட்டது ஒரு பக்க அறிவிப்பு. வெயில் காலத்தில் சியர்லீடர்கள் என்ன உடுத்த வேண்டும் என்று எழுதிப் பயிற்சிக்கூடத்தின் கதவில் ஒட்ட வேண்டுமாம். என் அக்கா மகள் அந்தக் குழுவில் இருக்கிறாள். எழுதுகிற சித்தி ஒருத்தி கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது வெளியாளை எதற்குத் தேடுவது என்று அவளுடைய பயிற்சியாளர் நினைத்திருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளிர் நிறம். காற்றுப் புகும் மெல்லிய துணி. உடைக்கு உள்பக்கம் லைனிங் துணி வேண்டாம். முடியைக் கழுத்தில் படாமல் தூக்கிக் கட்டவும். மெல்லிய காலுறை. வெயிலுக்குக் கிரீம் பூசினால், தூக்கும்போது பிடிக்கிற இடங்களை விட்டுவிட்டுப் பூசவும். இல்லையென்றால் கை வழுக்கும்.

கடைசியில் இன்னொரு வரியும் எழுதினேன். 'இதைப் படிக்கிற எல்லோரும், எங்கள் வீட்டுப் பெண்ணைக் கீழே விடாத அந்த' என்று ஆரம்பித்தது அது. முடிக்காமலே அடித்துவிட்டேன். அறிவிப்பில் நன்றி சொல்ல இடம் கிடையாது. நன்றி சொல்லி யாராவது கதவில் ஒட்டுவார்களா?

அடித்த அந்த வரி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தக் கதை அதிலிருந்து வந்ததுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மைதானத்தின் மீது சூரியன் நெருப்பை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த நண்பகலில்—'

வேண்டாம். மைதானத்து வெப்பமானி நாற்பத்தொன்று காட்டியது. அது போதும்.

அடுத்து:

'அவள் விழவில்லை.'

இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் அந்த 'அவள்' யார் என்பதை நான்கு பக்கத்துக்கு ஒளித்துவைக்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

குழுவில் பதினான்கு பெண்கள். எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயது. விளையாட்டு நடக்கும்போது மைதானத்தின் ஓரத்தில் நின்று, குதித்து, கோஷம் போட்டு, ஒருவர் மேல் ஒருவர் ஏறித் தங்கள் அணியை உற்சாகப்படுத்துவது அவர்கள் வேலை. அக்கா மகளைக் குழுவில் பஞ்சு என்று கூப்பிடுவார்கள். எடை குறைவு, அதனால் எப்போதும் உச்சியில் நிற்பவள் அவள்தான். கீழே மூன்று பேர் அவளைத் தாங்குவார்கள். அந்த மூவரில் முக்கியமானவளுக்குப் பெயர் தூண். பஞ்சுவின் வலது கால் நிற்பது அவளுடைய இரண்டு உள்ளங்கைகளில்.

இறுதிப் போட்டிக்காகப் புது உடை வந்திருந்தது. அடர்நீலம், பளபளப்பு, முழுக்கை, கழுத்துப்பட்டை, உள்பக்கம் முழுவதும் லைனிங். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் மின்ன வேண்டும் என்று பயிற்சியாளர் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது. தைத்தவர், பயிற்சிக்கூடத்துக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழ் கடை வைத்திருக்கும் தையல்கார அக்கா.

(அக்கா என்று நானும் எழுதுகிறேன். அவர் என்னைவிட நான்கு வயது சின்னவர். எல்லோரும் அக்கா என்கிறார்கள், என் வாயிலும் அதுதான் வருகிறது.)

3

போட்டி நண்பகலில். அதனால் பயிற்சியும் நண்பகலில், அதே உடையில். உடம்புக்குப் பழகட்டும் என்றார் பயிற்சியாளர். நான் அங்கே போனது பஞ்சுவைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போக. தையல்கார அக்கா வந்தது யாருக்காவது தோளில் பிடிக்கிறதா என்று பார்க்க. இருவரும் வேலி ஓரம் நின்றோம்.

பஞ்சு மேலே ஏறினாள். கைகளை விரித்தாள். நானும் கைதட்டினேன்.

பக்கத்தில் அக்கா, "அந்தப் பொண்ணுக்கு வேர்க்கவே இல்லையே" என்றார்.

தூணைத்தான் சொன்னார். மற்ற எல்லோருக்கும் முகம் நனைந்து வழிந்துகொண்டிருந்தது. தூணின் முகம் மட்டும் காய்ந்து, செங்கல் போலச் சிவந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அவள் முழங்கால் ஒருமுறை மடங்கி, திரும்ப நிமிர்ந்தது. கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.*

பஞ்சு முறைப்படி கீழே இறக்கப்பட்டாள். இரண்டு காலும் தரையில் பட்டன. அதற்குப் பிறகுதான் தூண் உட்கார்ந்தாள். காலணி நாடாவைக் கட்ட உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள்.

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஓடியது அக்கா. பையிலிருந்து பெரிய கத்திரியை எடுத்துக்கொண்டே ஓடினார். "எல்லாரும் சுத்தி நில்லுங்க, முதுகைக் காட்டி நில்லுங்க" என்றார். பெண்கள் வட்டமாகத் திரும்பி நின்றார்கள். தான் தைத்த உடையைக் கழுத்துப்பட்டையிலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பில் வெட்டினார். பயிற்சியாளர் ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து கவிழ்த்தார்.

கத்திரி கைப்பக்கம் போனபோது தூணின் விரல்கள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தன.

"கை வேண்டாம்க்கா."

அரை நினைவில் இருந்தவள் சொன்ன ஒரே வார்த்தை அது. அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சரி, கை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கத்திரியைத் தூர வைத்து, இரண்டு கைகளின் மேலும் துணியோடு தண்ணீரை ஊற்றினார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

* பஞ்சுவிடம் பிறகு கேட்டேன். மேலே நின்றவளுக்கு எதுவும் தெரியவில்லையாம். "ஒரு தடவை லேசா ஆடுச்சு சித்தி. காத்துன்னு நினைச்சேன்."

4

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

முதல் வரைவில் தூணின் கையில் ஒரு தழும்பு வைத்தேன். ஏழு வயதில் கொதிக்கும் தண்ணீர் கொட்டியது. நன்றாக எழுதியிருந்தேன், படித்த எனக்கே கண் கலங்கியது. இரண்டாம் வரைவில் தழும்பை எடுத்துவிட்டு, கண்டிப்பான ஒரு தகப்பனாரைக் கொண்டுவந்தேன். மூன்றாவதில் தோலில் வெள்ளைத் திட்டுகள். மூன்றும் கதைக்கு வசதியாக உட்கார்ந்தன. கை வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதற்குப் பின்னால் பெரிதாக ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான்.

ஆனால் அவள் விழுந்த மறுநாளே மருத்துவமனையில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தாள், அதுவும் முழுக்கை, வீட்டிலிருந்து வந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது:

"பஞ்சு சரியா இறங்கினாளா சித்தி? எனக்கு அதுக்கப்புறம் ஞாபகமில்ல."

"இறங்கினா. ஒரு கீறல்கூட இல்ல."

தலையணையில் தலையை இறக்கிக்கொண்டாள். அதுவரை தூக்கிவைத்திருந்தாள் என்பதையே அப்போதுதான் கவனித்தேன்.

நான் நன்றி சொல்ல வந்தவள். ஆனால் வாயில் வந்தது எழுத்தாளரின் கேள்வி. "ஏன்மா கை வேண்டாம்னு சொன்ன?"

"எனக்கு முழுக்கைதான் சித்தி."

"அதான், ஏன்?"

"அதான் சொன்னேனே."

கோபமில்லாமல், ஒளிக்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னாள். எனக்குச் சாயந்திரம் நடக்கப் பிடிக்கும் என்று ஒருவர் சொல்கிற மாதிரி. மூன்றாவது வரைவும் முடிந்த பிறகுதான் அந்தப் பதில் திரும்ப ஞாபகம் வந்தது; தழும்பையும் தகப்பனாரையும் திட்டுகளையும் மொத்தமாக அழித்தேன். உங்களுக்குக் காரணம் வேண்டுமென்றால் மன்னிக்க வேண்டும், என்னிடம் இல்லை.

5

பயிற்சியாளரை வில்லியாக்கி எழுதுவது சுலபம். இரண்டு பத்தி எழுதியும் பார்த்தேன். [அவை இங்கே இருந்தன.] ஆனால் தூண் படுத்திருந்த இரண்டு நாளும் மருத்துவமனை நடைபாதையில், கழுத்தில் விசிலைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தவர் அவர். தூணின் அம்மாவிடம், "நான்தான் போட வெச்சேன், என் தப்பு" என்று நேராகச் சொன்னவரும் அவர்தான். அந்த அம்மா அவரைத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டார்.

தூண் திரும்பி வந்த அன்று கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். நீல உடை வேண்டாம், மெல்லியதாக, அரைக்கை வைத்துப் புதிதாகத் தைக்கலாம் என்றார்.

"எனக்கு முழுக்கை வேணும் மிஸ்" என்றாள் தூண்.

"ஒருத்தருக்கு மட்டும் வேற மாதிரி இருந்தா மார்க்கைக் குறைச்சிடுவாங்கம்மா. எல்லாருக்கும் ஒரே உடைதான் இருக்கணும்."

"அப்போ வேற யாரையாவது போடுங்க. நான் வெளியில நின்னு கோஷம் போடறேன்."

"வேற கையில நான் ஏற மாட்டேன்" என்றாள் பஞ்சு.

"எல்லாருமே முழுக்கை போட்டுக்கறோம் மிஸ்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அளவு நாடாவோடு கதவோரம் நின்ற அக்கா, "ஒருத்தி விழுந்தது பத்தாதா, பதினாலு பேரும் விழணுமா?" என்றார்.

பஞ்சுவைக் கொண்டுவிட வந்த நானும் அங்கேதான் இருந்தேன். எனக்குச் செய்யத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். போட்டியின் விதிப்புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரியில் கோப்பைகளுக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு பக்கம். அவர்கள் பேசிக்கொண்டிருக்க, மூலையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பத்தொன்பதாம் பக்கம்: 'குழுவினரின் உடை ஒரே நிறத்திலும் ஒரே சின்னத்துடனும் இருத்தல் வேண்டும்.' அடுத்த வரி காலணிக்குப் போய்விட்டது. கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பயிற்சியாளர் அந்த வரியை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். "பதினோரு வருஷமா நடத்தறேன். எனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க, நானும் சொல்லிட்டிருந்தேன்" என்றார். சந்தேகம் வேண்டாம் என்று போட்டி நடத்துபவர்களுக்கும் போன் செய்தார். ஐந்து நிமிடம் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார். பிறகு, "சரின்னுட்டாங்க" என்று தூணைப் பார்த்துச் சொன்னார்.

(என் வாழ்நாளில் படிப்பு எனக்கு இவ்வளவு நேரடியாக உதவியது இதுதான் முதல் முறை. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள அனுமதியுங்கள்.)

6

மாடிப்படிக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் படியில்தான் உட்கார வேண்டும். படி என்னுடையது. பழைய நீல உடைகளிலிருந்து சின்னங்களைப் பிரித்தெடுக்கும் வேலை எனக்கு.

அக்கா துணி தேர்ந்தெடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். துணியை வாயருகே வைத்து ஊதி, மறுபக்கம் புறங்கையில் காற்று வருகிறதா என்று பார்ப்பார். ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி, எத்தனை நேரத்தில் காய்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

"பருத்தி போட்டா என்ன?" என்றேன்.

"சும்மா உட்கார்ந்திருக்கறதுக்குப் பருத்திதான். இவங்க குதிக்கிறாங்களே. நனைஞ்சா கனத்துப்போய் உடம்புல ஒட்டிக்கும். இது பாருங்க, வேர்வையைக் குடிச்சிட்டு உடனே காத்துல விட்டுடும்."

இளமஞ்சள் துணி ஒன்று தேறியது. பதின்மூன்று அரைக்கை வெட்டினார். பதினான்காவதுக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டார். தொளதொளவென்று முழுக்கை. அக்குளிலிருந்து முழங்கை வரை அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வலைத்துணி. மணிக்கட்டில் இறுக்கம் இல்லை.

அன்று கேட்டேன். "அந்த நீலத் துணி வெயிலுக்கு ஆகாதுன்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?"

இயந்திரத்தை நிறுத்தினார். "தெரியும். மிஸ் கிட்ட சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லியிருக்கணும்."

நான் அடுத்த சின்னத்தைப் பிரித்தேன். இயந்திரம் மறுபடி ஓடியது.

அளவு பார்க்க இரண்டு பெண்களும் வந்தார்கள். பஞ்சு தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, "எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கேன்" என்றாள். தூண் திரைக்குப் பின்னாலிருந்து வந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள், பஞ்சுவைத் தாங்குகிற மாதிரியே. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"உள்ள காத்து வருதுக்கா" என்றாள்.

அக்கா அவள் தோளில் இல்லாத ஒரு நூலைத் தட்டிவிட்டார். மூக்கை உறிஞ்சினார்.

எனக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. படியிலிருந்து எழுந்தேன். "அன்னைக்கு நீ மட்டும் எங்க பொண்ணை—"

(இந்த வாக்கியத்தை இதுவரை ஐந்து விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். நேரில் எங்கே நின்றதோ, காகிதத்திலும் அங்கேதான் நிற்கிறது.)

தூணுக்கு வெட்கமாகிவிட்டது. "அய்யோ சித்தி, அவ வெயிட்டே இல்ல" என்றாள்.

7

இனி முடிவு.

அவர்கள் கோப்பையை வென்றதாக ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். தோற்றும் சிரித்ததாக இன்னொன்று. நடந்தது இது: ஒன்பது குழுக்களில் நான்காவது இடம். பரிசு முதல் மூன்று இடங்களுக்குத்தான். பெண்கள் யாரும் அழவில்லை, பயிற்சியாளர் கொஞ்சம் அழுதார். உடைக்காக மதிப்பெண் எதுவும் குறையவில்லை. யாரும் மயங்கவில்லை. உங்களுக்குக் கோப்பை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் எழுத முடியாதது வேறு ஒன்று. வெயில் அன்றும் அப்படித்தான் இருந்தது. பதினான்கு பேரும் ஓடி வந்து நின்றார்கள். பஞ்சு ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பயந்துதான். பக்கத்தில் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பஞ்சுவைக் கேட்டேன், அக்காவைக் கேட்டேன், ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கேட்டதை வைத்து எழுதினால் அது இன்னொரு தழும்பாகிவிடும்.

அதனால் அந்த இடத்தை உங்களிடம் கொடுக்கிறேன். உங்கள் கண் திறந்திருக்கிறது. அரங்கம் முழுவதும் மேலே பார்க்கும். எங்கள் வீட்டுப் பெண் அங்கே கைகளை விரித்து நிற்பாள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டு, எனக்காகக் கொஞ்சம் கண்ணை இறக்கி, மஞ்சள் முழுக்கைக்குள்ளிருந்து நீளும் அந்த இரண்டு உள்ளங்கைகளையும் பாருங்கள். சொல்ல எதுவும் வேண்டாம். அவளுக்கு வெட்கமாகிவிடும்.