படம் மங்கலாக வருகிறது

தெர்மாகோல் பள்ளத்துக்குள் கேமரா உட்கார மறுத்தது. எந்தப் பக்கம் முகம் இருக்க வேண்டும் என்று பெரியவருக்குப் பிடிபடவில்லை. திருப்பி வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முன்னறையில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிடும். அதற்குள் இந்தப் பெட்டி கடைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

தம்பி மகள் கதவருகே வந்து நின்றாள். கேமராவை வாங்கி, கழுத்து வாரைச் சுருட்டி உள்ளே செருகி, ஒரே அழுத்தில் பள்ளத்தில் பொருத்தினாள்.

"இன்னிக்கேவா பெரியப்பா? ரெண்டு நாள் கழிச்சுக் குடுத்தா கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"ஒரு வாரம்னு சொல்லி வாங்கிட்டு வந்தான். இன்னியோட ஒரு வாரம். ஊரான் பொருள் சொன்ன நாளுக்கு மேல நம்ம வீட்டுல தங்கினதில்ல."

அவள் வாரின் நுனியை உள்ளே தள்ளியபடி கேட்டாள். "வாங்கறதா வேண்டாமான்னு அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். தம்பி அவரிடம் கேட்டது உண்மைதான், போன மாதம். கீழ்த்தளத்தில், தம்பி வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மெதுவாக ஆரம்பித்தான். படமெல்லாம் மங்கலாக வருகிறது, பழைய கேமரா ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன் என்றான். அறுபது வயது ஆனவன், முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படம் எடுப்பவன், அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் செய்வேன் என்று வந்து நின்றான். பெரியவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தம்பி மனைவி தலைமாட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன், கட்டட ஒப்பந்தக்காரர், நாற்காலிகளுக்கு நடுவில் நின்று வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எட்டாவது தடவை. ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் நீண்டது.

"லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்துல கம்பியப் பிடிச்சுத் தொங்கின ஆள். சொந்த வீட்டு வாசல்ல, மூணே மூணு படியில போயிட்டார். கையில அந்தப் புது விளையாட்டு சாமான். கண்ணு அதுமேல இருந்தா கால் எங்க போகும்னு யாருக்குத் தெரியும்? விழும்போதுகூட அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கார். தலையக் காப்பாத்தல, கேமராவக் காப்பாத்திட்டார்."

யாரோ மூக்கால் சிரித்து, இடம் உணர்ந்து நிறுத்திக்கொண்டார்கள். பெரியவர் அங்கேயே நின்றார். ஊரான் பொருள் உடையக் கூடாது என்று தூக்கிப் பிடித்தான், அது உனக்கு எங்கே புரியும் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் கேமராவால் செத்தான் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். விளையாட்டு சாமானால் செத்தவன் என்ற பேச்சு இந்தக் குடும்பத்தில் நிற்கக் கூடாது.  பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

கடை இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்தான்.

"நீங்க ஏங்க இதத் தூக்கிட்டு வந்தீங்க? நானே வந்து வாங்கிட்டுப் போயிருப்பேனே."

"இன்னிக்கு பதில் சொல்றேன்னு சொன்னானாமே. பதில் என்னன்னு எனக்குத் தெரியாது. பொருள் வந்துருச்சு."

கடைக்காரர் பெட்டியைத் திறந்து, வழக்கப்படி நாலு பக்கமும் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டை உருவிக் கணினியில் செருகினார். இதில் இருப்பதை அவர் மகளுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். படங்கள் திரையில் வரிசையாக விரிந்தன. தண்ணீர்த் தொட்டி. துணி உலர்த்தும் தம்பி மனைவி. மாடி வராந்தாவில் பேப்பரோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர். அவர் மட்டும் பதினாறு படங்களில் இருந்தார்.

"உங்களத்தான் சோதனைக்கு வச்சிருக்கார்," கடைக்காரர் லேசாகச் சிரித்தார். "ஆடாம அசையாம இருக்கணும் பாருங்க. பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறதாச் சொன்னார். எங்க அண்ணன மாதிரி அசையாத ஆள் கிடைக்காதும்பார்."

பிறகு அவருக்குச் சிரிப்பு நின்றது. ஒரு படத்தைப் பெரிதாக்கினார். அடுத்ததை, அதற்கடுத்ததை. பெரியவருக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

"எல்லாமே மங்கல்," என்றார் கடைக்காரர். "புதுசுலயும் மங்கல்."

"அப்போ புதுசும் பழுதா?"

"ரெண்டுலயும் பழுதில்லங்க. பழசப் போன மாசம் நானே கழட்டிப் பார்த்துட்டேன், லென்ஸோட. இதெல்லாம் ஆட்டோவுல விட்டா தானே ஃபோகஸ் பிடிச்சுக்கும். அவர் அத அணைச்சுட்டுக் கையாலதான் திருகுவார். மெஷின நம்பறவன் எதுக்குப் படம் எடுக்கணும்னு கேப்பார்."

கேமராவைக் கையில் எடுத்து, கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் ஓரத்தைக் கடைக்காரர் விரலால் தடவினார். அங்கே சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு சக்கரம் இருந்தது. கண்ணாடி போட வேண்டியவர்கள் கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். நல்ல கண்ணுக்கு அது நடுவில் இருக்கும். இதில் கடைசிவரை திருகியிருந்தது. அதற்குமேல் போகாது.

"பழசுலயும் இப்படித்தான் இருந்துது. தெரியாம நகர்ந்துருச்சுன்னு நெனச்சு நடுவுல கொண்டு வந்து குடுத்தேன். அவரும் ஒண்ணும் சொல்லல." நிறுத்தினார். "இதுவும் அவருக்குப் போதாமத்தான் இருந்திருக்கு."

"எங்க குடும்பத்துல யாரும் கண்ணாடி போட்டதில்ல," என்றார் பெரியவர். அது அவர் வாயில் தானாக வரும் வாக்கியம். அப்பா எண்பத்திரண்டு வயதிலும் வெறுங்கண்ணால் பேப்பர் படித்தார். அந்தக் கதையை விருந்தாளிகளுக்கு அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார், தம்பி பக்கத்தில் நின்று எத்தனை தடவை கேட்டிருப்பான் என்பதற்குக் கணக்கில்லை.

"குடுங்க, பார்க்கறேன்."

கடைக்காரர் ஆட்டோ ஃபோகஸை முடுக்கிக் கொடுத்தார். பெரியவர் கேமராவைக் கண்ணோடு ஒட்டி, எதிர்ச்சுவர் அலமாரியை நோக்கிப் பிடித்தார். பெட்டிகள் மேலிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. மேல்தட்டில் ஒரு பெட்டியின் மூலையில் கடுகளவு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை. அதையும் படித்தார். எழுத்துக்கு இவ்வளவு கூரான ஓரம் உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"தெளிவாத்தானே இருக்கு," என்றார்.

கடைக்காரர் கேமராவை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துவிட்டார். ஓரத்துச் சின்னச் சக்கரம் இன்னும் கடைசியில்தான் நின்றிருந்தது. துணியால் லென்ஸைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

இரண்டு வருடமாகப் பெரியவர் பேப்பரில் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார். நாட்டில் படிக்கிற மாதிரி என்ன நடக்கிறது என்பார். மருந்து அட்டையை மருமகளிடம் நீட்டி, எழுத்தை எறும்புக்கு அச்சடித்திருக்கிறான் என்று திட்டுவார்.

"அவன் உங்ககிட்ட சொன்னானா?" என்று கேட்டார். 

"பழசுல பழுதில்லன்னதும் ஒரு தடவ கேட்டேன், டாக்டர்கிட்ட காட்டுங்களேன்னு. முதல்ல கோளாறு கேமராவுல இல்லன்னு நிச்சயம் ஆகட்டும், அப்புறம் வீட்டுல சொல்லிக்கறேன்னார்."

பெரியவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். கடைக்காரர் வாசல்வரை வந்து, பதில் கிடைத்துவிட்ட மாதிரிதான் என்றார். பெரியவர் தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வண்டி வந்து நின்றிருந்தது. ஒப்பந்தக்காரரைச் சுற்றிப் புதிதாக ஆட்கள். தம்பியின் பழைய அலுவலகத்தார். கதை மூன்றாவது படிக்கு வந்திருந்தது.

"விளையாட்டு சாமான்தான் எமன்…"

"கேமராவப் பார்த்து விழல," என்றார் பெரியவர்.

எல்லோரும் திரும்பினார்கள். தம்பி மனைவி அன்று முதல் முறையாகச் சுவரிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"கண்ணு மங்கிப் போய் இருந்திருக்கு. படி தெரியல. வெளிய சொல்ல முடியல அவனால. நம்ம வீட்டுல யாருக்கும் கண்ணு போகாதுன்னு நாந்தான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தேன்."

ஒப்பந்தக்காரர் ஏதோ சொல்ல வந்து, "சரிங்க பெரிய அத்தான்," என்று மட்டும் சொல்லித் தள்ளி நின்றார்.  தம்பி மனைவி கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மூடியிருந்த இமைகள் மேல் புறங்கையை வைத்து எடுத்தாள்.

மகள் அருகில் வந்தாள். "கடையில என்ன சொன்னீங்க பெரியப்பா?"

"திருப்பிக் குடுத்துட்டேன். பழசே நல்லாத்தான் இருக்கு. நீ வச்சுக்க."

வண்டி ஓட்டுநர் ஓர் அட்டையில் படிவத்தைச் செருகிக் கொண்டுவந்தார். குடும்பத்தில் மூத்தவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், பெயர், வயது, மருத்துவமனை எல்லாம் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பெரியவர் வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டையைத் தம்பி மகளிடம் நீட்டினார்.

"நீ படிம்மா. சத்தமாவே படி."

அவள் படித்தாள். அப்பாவின் பெயரில் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தாள். அவர் நிமிர்ந்து நின்று கடைசி வரிவரைக்கும் கேட்டார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.