ஆறாவது கடி

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. சாப்பிடும்போது, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அண்ணியிடம், "இன்னிக்கு என்ன வேலை?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "கொசுவோட எச்சில் சுரப்பியைப் பிரிச்சேன். ஒண்ணு உடைஞ்சுபோச்சு" என்றார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "மரணம் சிறகு முளைத்து..."

(வேண்டாம். அண்ணி படித்தால் என் மானம் போய்விடும்.)

நேராகவே சொல்கிறேன். மலேரியாத் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைப் போட்டுக்கொண்டு தாமாக முன்வருபவரைக் கிருமியுள்ள ஐந்து கொசுக்கள் கடிக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே மருந்து உண்டு. கிருமி எச்சில் வழியாகத்தான் இறங்கும் என்பதால், கடித்த கொசுக்களின் எச்சில் சுரப்பியைப் பிரித்து, அதில் கிருமி போதுமான அளவு இருந்ததா என்று எண்ணுவது அண்ணியின் வேலை. ஒன்றில் குறைந்தாலும் இன்னொரு கொசு கடித்தாக வேண்டும். இல்லாவிட்டால், வெறும் கொசு கடித்து ஆள் தப்பித்ததை ஊசியின் வெற்றி என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

3

அன்று கையை நீட்டியவர் ஒரு பஸ் டிரைவர். நான்கு கொசுக்களில் கிருமி மொய்த்தது. ஐந்தாவதன் சுரப்பி ஊசிமுனையில் சிதறி, எண்ண முடியாமல் போயிற்று.

"நாலுல இருக்கு, இதுல மட்டும் இல்லாமலா போயிடும்? இருக்குன்னு எழுதிடுங்க" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர்.

அண்ணி தலைகுனிந்து, 'இருக்கிறது' என்று எழு—

(அடித்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு அண்ணி முறைத்த முறைப்பு எனக்குத்தான் தெரியும். "உடைச்சது என் கை. அதை மறைக்கவும் சொல்றியா?")

4

'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த டிரைவரை அண்ணி வாசலில் மறித்தார்.

"என் தப்புதாங்க. இன்னொரு கடி வேணும். வேண்டாம்னா விட்டுடலாம், உங்களைக் கணக்குல சேர்க்க மாட்டோம்."

"இன்னொண்ணா? ஏற்கெனவே அரிப்பு உயிர் போகுதும்மா."

"தெரியும். ஆனா நாளைக்கு இந்த ஊசியைக் குழந்தைங்களுக்குப் போடுவாங்க. நான் குத்துமதிப்பா எழுத முடியாது."

டிரைவர் வாட்சைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் டிரைவருக்குக் காய்ச்சல். மற்றதில் அவர் ஜம்மென்று பஸ் ஓட்டுகிறார். "அது தெரிய வாரக்கணக்காகுமே, உனக்கு மட்டும் யார் சொன்னா?" என்று அண்ணி இரண்டையும் கிழித்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம் வந்தது.

ஆகவே இவ்வளவுதான் என்னால் முடியும்: ஆறாவது கொசு நுண்ணோக்கியின் கீழே. சுரப்பி உடையவில்லை. டாக்டர் பின்னால் நின்று, "இருக்கா?" என்கிறார். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள்.

"இருங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்."