கேள்விப்பட்ட நாள்

தொலைபேசி அடித்தபோது தவநாயகி கட்டிலில் நாலு சோடிக் கம்பளிக் காலுறைகளைப் பரப்பி வைத்து, எதைப் பெட்டியில் வைப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நின்றாள். புதன்கிழமை பின்னேரம். வெள்ளிக்கிழமை விடிய விமானம். புருஷன் யோகலிங்கம் வேலையால் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கீழே இறங்கி வந்து ரிசீவரைக் காதில் வைத்தவுடன் ஒரே இரைச்சல். கொழும்பு அழைப்பு என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"மச்சாள், நான் வதனா. அண்ணை நிக்கிறாரோ?"

சந்திரவதனா யோகலிங்கத்தின் ஒரே தங்கை. வெள்ளவத்தையில் இருக்கிறாள்.

"இன்னும் வரேல்லை. என்ன வதனா?"

"அம்மா மோசம் போட்டா மச்சாள்."

செத்துப் பன்னிரண்டு நாளாகிவிட்டதாம். சண்டையால் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை, தபால் எப்போது வரும் என்று தபால்காரனுக்கே தெரியாது. யாரோ ஒருவர் கிளாலிக் கடலேரியில் படகேறி, வவுனியா வந்து, அங்கிருந்து தகவல் சொல்லியிருக்கிறார். பெறாமகன் முறையான சொந்தக்காரன் ஒருவன் கொள்ளி வைத்து, சாம்பல் அள்ளும் காடாத்தும் முடிந்து, எல்லாம் ஆகிவிட்டது.

தவநாயகி அழுதாள். பொய்க்கு அழவில்லை. மாமியோடு அவள் இருந்தது கலியாணம் முடித்து வந்த முதல் நாலு மாதம் மட்டும்தான். அந்த நாலு மாதமும் மாமி அவளை ஒரு குறை சொன்னதில்லை. அதை நினைத்து அழுதாள். அழுதுகொண்டே சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைச் சுற்றி அவளே சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள்.

"அவருக்கு நான் ஆறுதலாச் சொல்லுறன் வதனா. நீர் இனி எடுக்க வேண்டாம். அவர் எடுப்பார்" என்றாள்.

இப்படிச் சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

லண்டன் வெம்பிளியில் மருந்துக் குப்பிகளுக்கு லேபல் ஒட்டும் கம்பனி ஒன்றில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. கிறிஸ்மஸ் பார்ட்டியில் குலுக்கல் வைப்பார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு சொக்கலேட் பெட்டிகூட அவளுக்கு விழுந்ததில்லை. இந்த முறை முதற்பரிசுச் சீட்டை எடுத்த முகாமையாளர் அதிலிருந்த பெயரை மூன்று தரம் மூன்று விதமாக வாசித்தார். மூன்றுமே அவளுடைய பெயராக இல்லாததால் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்லாந்தின் வடக்கு மூலையில், சூரியனே எழும்பாத ஊரில், இரண்டு பேருக்கு மூன்று இரவு. அதில் ஒரு இரவு நாய்கள் இழுக்கும் வண்டியில் பனிமேல் சவாரி. திகதியை மாற்றேலாது, வேறு ஆளுக்குக் கொடுக்கவும் ஏலாது.

படத்தில் பார்த்த நாய்கள் அவளைப் பிடித்துக்கொண்டன. நீலக் கண்ணும் நரி முகமுமாக ஆறு நாய்கள். ஹரோவில் பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் அவள் ஒரு மாதமாக நாயைப் பற்றியே கதைத்தாள்.

அவளுக்கு எதிரி மாமி அல்ல. செத்தவீட்டுத் துடக்குத்தான் எதிரி. யோகலிங்கத்தின் தகப்பன்வழிச் சொந்தம் பெரியது. அதில் ஒவ்வொருவரும் இவள் எங்காவது போக வெளிக்கிடும் நேரம் பார்த்துத்தான் கண்ணை மூடுவார்கள். எண்பத்து நாலில் பாரிஸ் போக விசா எடுத்து வைத்தாள், பெரியப்பா போய்ச் சேர்ந்தார். எண்பத்தேழில் சுவிஸில் சிநேகிதியின் கலியாணம், கூறையே வாங்கிக் கொடுத்திருந்தாள், குஞ்சியப்பா போனார். தொண்ணூறில் ஸ்கொட்லாந்துக்கு பஸ் சுற்றுலா. பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஒரு பெரியப்பா மகன் அதற்கு முதல்நாள் போனார். ஒவ்வொரு முறையும் முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, ஊர்சுற்றல் இல்லை. "சனம் என்ன சொல்லும்" என்பார் யோகலிங்கம். அத்தோடு கதை முடிந்துவிடும்.

ஆனால் அந்தத் துடக்கிலேயே ஒரு இடைவெளி இருந்தது. தூரத்தில் இருக்கிறவனுக்குக் காதில் விழுந்தால்தான் துடக்கு. கேள்விப்படாத வரைக்கும் அவன் சுத்தம். கோயிலுக்குப் போனாலும் குற்றமில்லை. இதை அவளுக்குச் சொன்னதே யோகலிங்கம்தான். பன்னிரண்டு நாள் அவர் ஒன்றும் தெரியாமல் இறைச்சி சாப்பிட்டு, சவரம் செய்து, பொங்கலுக்குக் கோயிலுக்கும் போய் வந்தார். யாருக்கு என்ன குறைந்தது? இன்னும் ஐந்து நாள். மாமி திரும்பி வரப்போவதில்லை. துடக்கு வேண்டுமென்றால் தனக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போனாள். நாலு சோடியையுமே பெட்டியில் வைத்தாள்.

வியாழக்கிழமை யோகலிங்கம் வழமையைவிடப் பிந்தி வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். கவுன்சில் அலுவலகத்தில் வேலை கூடிவிட்டால் அவர் அப்படித்தான் வந்து இருப்பார்.

"கோல் ஏதும் வந்ததோ?"

"இல்லையே."

அவளை நன்றாகப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு அவரே கேட்டார்.

"பெட்டி அடுக்கியாச்சோ?"

"ஓம்."

"அப்ப போவம்."

எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று நெஞ்சுக்குள் இடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிசன் என்று நினைத்தாள்.

அங்கே போய் இறங்கியபோது பகல் மூன்று மணிக்கே கும்மிருட்டு. குளிர் கையுறைக்குள்ளும் வந்து விரலைக் கடித்தது. இரவுச் சாப்பாட்டுக்கு மான் இறைச்சிக் கறி வைத்தார்கள். தவநாயகி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். யோகலிங்கம் வயிறு சரியில்லை என்று உருளைக்கிழங்கும் பாணும் மட்டும் எடுத்தார். சவரக்கத்தியைக் கொண்டு வர மறந்துவிட்டாராம், தாடி நரை நரையாக அரும்பியிருந்தது. விடுமுறைதானே, இருக்கட்டும் என்று அவள் பகிடி பண்ணினாள்.

சனிக்கிழமை இரவு சவாரி. ஆளுக்கொரு தடித்த உடுப்பும் முழங்கால் வரை சப்பாத்தும் தந்தார்கள். நாய்கள் கட்டியிருந்த இடத்தில் காது வெடிக்கும்போல் கூச்சல். ஒவ்வொரு நாயும் கட்டை அறுத்துக்கொண்டு ஓடத் துடித்தது. வழிகாட்டி ஒரு இளம் பெண், கட்டையான ஆங்கிலத்தில் மூன்று விஷயம் சொன்னாள். ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், மற்றவர் பின்னால் சறுக்குக் கட்டையில் நிற்க வேண்டும். நிறுத்துவதென்றால் காலுக்கிடையில் உள்ள இரும்பை முழுப் பாரத்தோடு மிதிக்க வேண்டும். என்ன வந்தாலும் கைபிடியை விடக்கூடாது, நீங்கள் விழுந்தால் நாய்கள் நிற்காது.

தவநாயகி தோல் விரிப்புக்குள் புதைந்து இருந்தாள். அவளுக்குப் பின்னால் யோகலிங்கம் நின்றார். வழிகாட்டியின் வண்டி முன்னால் போக, இவர்களுடைய நாய்கள் ஒரு உலுப்பு உலுப்பிக் கிளம்பின. கிளம்பியதும் அத்தனை கூச்சலும் நின்றுவிட்டது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பனியில் கட்டை வழுக்கும் சத்தமும் நாய்களின் மூச்சும் மட்டும். யோகலிங்கத்தின் தலையில் கட்டியிருந்த விளக்கு அவளுடைய தலைக்கு மேலால் நாய்களின் முதுகில் விழுந்தது. ஓடிக்கொண்டே ஒரு நாய் மலம் கழித்தது, அந்த நாற்றம் நேரே முகத்தில் வந்து அடித்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இருபது வருடத்தில் அப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை. மரங்கள் முடிந்து ஒரு ஏரி வந்தது. ஏரி என்று வழிகாட்டி முன்னமே சொன்னதால்தான் தெரிந்தது, ஒரே வெள்ளை வெளி. மாமியோ துடக்கோ ஒன்றும் அவளுடைய மனதில் இல்லை. சந்தோஷமாக இருந்தாள்.

ஏரியின் நடுவில் வண்டி தேய்ந்து நின்றது. யோகலிங்கம் இரும்பை மிதித்திருந்தார். வழிகாட்டியின் விளக்கு முன்னால் சிறுத்துக்கொண்டே போனது. நாய்கள் திரும்பிப் பார்த்து முனகின.

"என்னப்பா, ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"சும்மாதான்." அவர் அவளுக்குப் பின்னால் நின்றதால் முகம் தெரியவில்லை. "தவம், அம்மா இப்ப என்ன செய்துகொண்டிருப்பா?"

அவள் தோல் விரிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம். இந்த இடத்தில் சொன்னால் யாருக்கும் கேட்காது, சனம் இல்லை. ஆனால் சொன்னால் இந்த இரவு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

"அங்க இப்ப நடுச்சாமம் எல்லோ" என்றாள். "நித்திரையாத்தான் இருப்பா."

"ஓம்" என்றார் யோகலிங்கம். "நித்திரையாத்தான் இருப்பா."

காலை எடுத்தார். நாய்கள் பாய்ந்தன.

திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இனித் தள்ளிப்போட ஏலாது. வதனா எந்த நேரமும் எடுக்கலாம். தவநாயகி எல்லாவற்றையும் விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தாள். இரவு ஏழு மணி தாண்டி யோகலிங்கம் மேலே குளித்துக்கொண்டிருந்தார். அவள் ரிசீவரை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்கினாள். அது நேரம் சொல்லும் இலக்கம். ஒரு வெள்ளைக்காரன் பத்து வினாடிக்கு ஒருக்கால் நேரத்தைச் சொல்லி, மூன்று தரம் பீப் அடிப்பான்.

"ஆர், வதனாவோ?" என்று மேல் மாடிக்குக் கேட்கும்படி கத்தினாள். "என்ன? ஐயோ! என்ர மாமி! எப்ப வதனா, எப்பவாம்?"

ஏழு மணி பதினாலு நிமிடம் இருபது வினாடி என்றான் அவன்.

யோகலிங்கம் தோளில் துவாயோடு படியிறங்கி வந்தார். ஓடி வரவில்லை. ஒவ்வொரு படியாக வந்தார். அவள் ரிசீவரை வைக்கப் போனாள். அதற்குள் அவருடைய ஈரக்கை அவளுடைய கைமேல் வந்துவிட்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கிக் காதில் வைத்தார். பீப் சத்தம் மூன்றும் அவள் நின்ற இடத்துக்கே கேட்டது.

"ஓம் வதனா, அண்ணைதான்" என்றார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓமோம். பதினேழு நாளோ? எல்லாம் முடிஞ்சுதோ?" அவர் நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். வெள்ளைக்காரன் இடைவிடாமல் நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். "மச்சாள் இப்பத்தான் கேள்விப்பட்டவ. சரியா அழுறா. நான் பாத்துக்கொள்ளுறன். நீ வை பிள்ளை."

ரிசீவரை வைத்தார். திரும்ப எடுத்தார். இம்முறை கோயில் ஐயருடைய இலக்கத்தை அமுக்கினார்.

"ஐயா, யோகலிங்கம் கதைக்கிறன். அம்மா மோசம் போட்டா. ஓம், ஊரில. கேள்விப்பட்டதோ? கேள்விப்பட்டது வியாழக்கிழமை ஐயா. போன வியாழன். தங்கச்சி ஒஃபிசுக்கு எடுத்துச் சொன்னவ."

அவர் கதைத்து முடியும் வரைக்கும் தவநாயகி அசையவில்லை. அவர் சாப்பிட்ட உருளைக்கிழங்கும் பாணும், மறந்துபோன சவரக்கத்தியும் அவளுக்கு இப்போதுதான் விளங்கின.

"தெரிஞ்சுகொண்டு ஏன் வந்தனீங்கள்?" என்றாள்.

"சொல்லுவீர் எண்டு பாத்தன்" என்றார். "விமானத்தில பாத்தன். சாப்பாட்டு மேசையில பாத்தன். ஏரியிலயும் நிப்பாட்டிக் கேட்டுப் பாத்தன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். அவர் ஒவ்வொரு சொந்தமாக அழைத்து, அழுகிற குரலில் சொல்லி முடித்தார். அந்த அழுகை உண்மை, தோள் குலுங்கியது. பிறகு முன்னறையில் இருந்த சோபாவைச் சுவரோரம் தள்ளினார், வெள்ளைச் சீலையை விரித்தார், குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தார். அவளுக்கு அவர் ஒரு வேலையும் தரவில்லை.

வெளியே கார் ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது.

"அழும், தவம்" என்றார் மெல்ல. "ஆக்கள் வருகினம்."

முதலில் வந்தது கமலாம்பிகை அக்கா, இரண்டு தெரு தள்ளி இருப்பவர். சப்பாத்தைக் கழற்றி, கோட்டை யோகலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு, நேரே வந்து விரித்த சீலையில் அமர்ந்து தவநாயகியைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கன்னம் குளிர்ந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, செத்தவீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எப்ப பிள்ளை கேள்விப்பட்டனீங்கள்?"

கதவடியில் யோகலிங்கம் அந்தக் கோட்டைக் கொக்கியில் கொளுவாமல், கைமேல் போட்டபடி, தவநாயகியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.